பகிர்வுப் பொத்தான் யாருடைய வேலையைச் செய்கிறது?

1963 நவம்பர் 22 அன்று அமெரிக்காவின் டாலஸ் நகரில் அதிபர் கென்னடி சுடப்பட்டபோது, ஆபிரகாம் சப்ருடர் என்ற ஆடை உற்பத்தியாளர் தம் 8 மி.மீ. கேமராவில் அந்தக் காட்சியை ஏறத்தாழ 26 விநாடிகள் படம்பிடித்தார். அந்தப் படச்சுருளின் உரிமையை லைஃப் இதழ் 1,50,000 டாலருக்கு வாங்கிக்கொண்டு, தான் தேர்ந்தெடுத்த சில சட்டகங்களை மட்டும் புகைப்படங்களாக அச்சிட்டது. நாடு முழுவதும் பார்க்கும் தொலைக்காட்சியில் அது ஓடும் படமாகக் காட்டப்பட்டது 1975 மார்ச்சில்தான்.

1991 மார்ச் 3 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் ரோட்னி கிங் என்பவரைக் காவலர்கள் சூழ்ந்து அடிப்பதை, எதிரே இருந்த குடியிருப்பின் பால்கனியிலிருந்து ஒருவர் வீடியோவில் பதிவுசெய்தார். அவர் அந்த நாடாவை உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையம் ஒன்றிடம் கொடுத்தார். நிலையம் ஒளிபரப்பத் தீர்மானித்ததால் மறுநாளே அது வெளியே வந்தது. 2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்டு காவலர் ஒருவரின் முழங்காலுக்கு அடியில் உயிர்விட்டதை 17 வயதுப் பெண் ஒருவர் தம் ஃபோனில் பதிவுசெய்து, சில மணி நேரத்தில் ஃபேஸ்புக்கில் தாமே போட்டார். காவல்துறையின் முதல் அறிக்கை அந்த மரணத்தை ஒரு ‘மருத்துவச் சம்பவம்’ என்றே குறிப்பிட்டிருந்தது. விடிவதற்குள் மக்கள் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு அந்தக் காவலர் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. பதிவுசெய்த பெண்ணுக்குப் புலிட்சர் குழு சிறப்புப் பாராட்டு வழங்கியது.

மூன்று முறையும் படம் எடுத்தவர் பத்திரிகையாளர் அல்லர். படம் எடுக்கும் கருவி 1963-லேயே சாதாரண மனிதர் கைக்கு வந்துவிட்டது. எடுத்த படத்துக்கும் பார்க்கப்போகும் மக்களுக்கும் நடுவே ஒரு கதவு இருந்தது. முதல் முறை அதை ஓர் இதழ் பதினொரு ஆண்டுகளுக்கு மேல் தன் பொறுப்பில் வைத்திருந்தது, இரண்டாம் முறை ஒரு நிலையம் ஒரே நாளில் திறந்துவிட்டது, மூன்றாம் முறை அதைத் திறக்க யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ‘சாதாரண மக்களின் இணையப் பகிர்வு ஊடகத்தையும் சந்தைப்படுத்தலையும் மாற்றிவிட்டது’ என்று பலரும் சொல்வதன் பொருள் இந்தக் கதவில்தான் இருக்கிறது. அது எப்படித் திறந்தது, இப்போது அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைத் தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பகிர்வு என்று எதைச் சொல்கிறோம்

இணையத்தில் ஒரு சாதாரண பயனர் செய்யும் காரியங்களை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒன்று, தாமே எதையாவது உருவாக்கி வெளியிடுவது. மற்றொன்று, பிறர் உருவாக்கியதைப் பற்றிக் கருத்துச் சொல்வது. நட்சத்திர மதிப்பீடும் ரிவ்யூவும் லைக்கும் இதில் சேரும். இன்னொன்று, பிறர் உருவாக்கியதை எடுத்து மற்றவர்களுக்குக் கைமாற்றிவிடுவது. இந்தக் கடைசிக் காரியத்துக்கு ஒரு விநாடிகூட ஆவதில்லை. அதனால் செய்பவரே அதை ஒரு காரியமாக நினைப்பதில்லை. ஆனால் இம்மூன்றில் மிகப் பெரிய விளைவு அதற்குத்தான் உண்டு என்பது என் கருத்து.

காரணம் எளியது. இணையச் சமூகங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள், ஒன்பது பேர் அவ்வப்போது ஏதாவது சேர்க்கிறார்கள், எஞ்சிய ஒருவரே பெரும்பகுதியை உருவாக்குகிறார் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கப் நீல்சன் 2006-இல் ஒரு தோராயமான விதியைச் சொன்னார். அந்த எண்கள் இடத்துக்கு இடம் மாறும் என்றாலும், உருவாக்குபவர்கள் என்றுமே சிறுபான்மைதான். உருவாக்கத் தெரியாதவர், உருவாக்க விரும்பாதவர், நேரமில்லாதவர் எல்லாரும் பங்கெடுக்கக் கிடைத்த ஒரே வழி கைமாற்றிவிடுவதுதான். ட்விட்டரின் ரீட்வீட் பொத்தான் 2009-இல் வந்தது. அதற்கு முன் அங்கே ஒரு பதிவைக் கைமாற்ற, அதை நகலெடுத்து, எழுதியவர் பெயரைச் சேர்த்து, மறுபடி ஒட்ட வேண்டும். அந்த நாலைந்து படிகள் ஒரே தொடுதலாகச் சுருங்கியபோது, பார்ப்பவராக மட்டும் இருந்தவர் விநியோகிப்பவரும் ஆனார்.

முன்பு இருந்த கதவு

பழைய ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள ஓர் ஆய்வு உதவும். டேவிட் மானிங் வைட் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஒரு சிறு நகரத்து நாளிதழில் செய்தி முகமைகளின் செய்திகளைத் தேர்வுசெய்யும் ஆசிரியர் ஒருவரை அணுகி, ஒரு வாரம் முழுவதும் அவர் ஒதுக்கித் தள்ளிய ஒவ்வொரு செய்தியின் மீதும் காரணத்தை எழுதி வைக்கச் சொன்னார். 1950-இல் வெளியான அந்த ஆய்வின்படி, வந்தவற்றில் பத்தில் ஒன்பது பங்கு குப்பைக்குப் போனது. பலவற்றின் மேல் ‘இடமில்லை’ என்று எழுதியிருந்தது. சிலவற்றின் மேல் ‘இது பிரசாரம்’ என்று எழுதியிருந்தது. இடம் என்பது தாளின் அளவு. பிரசாரம் என்பது அந்த ஒரு மனிதரின் கணிப்பு. அந்நகரத்து வாசகர்கள் உலகத்தைப் பற்றி என்ன அறிந்துகொள்வார்கள் என்பதை இவ்விரண்டும் சேர்ந்து முடிவுசெய்தன. அவரை ‘வாயிற்காவலர்’ என்று ஊடகவியலார் குறிப்பிடுகிறார்கள்.

விளம்பர உலகின் வாயிற்காவலர் பணம். அச்சு இதழில் இத்தனை அங்குலம், தொலைக்காட்சியில் இத்தனை விநாடி என்று விலை கொடுத்து இடம் வாங்க முடிந்தவர் பேசினார், முடியாதவர் பேசவில்லை. வாடிக்கையாளருக்கு மறுமொழி சொல்ல இருந்த வழி, பொருளை வாங்குவது அல்லது வாங்காமல் விடுவது.

ஒரு பதிவு எப்படிப் பரவுகிறது

இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு வீடியோவை 100 பேர் பார்க்கிறார்கள். அவர்களில் 5 பேர் பகிர்கிறார்கள். ஒவ்வொருவர் பகிர்வாலும் புதிதாக 30 பேர் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பகிர்வின் முதல் சுற்றில் பார்ப்பவர்கள் 150 பேர், அடுத்த சுற்றில் 225 பேர். விகிதம் மாறாமல் நீடித்தால், பத்தாவது சுற்றில் மட்டும் 5,700-க்கும் மேற்பட்டவர்கள் பார்த்திருப்பார்கள். இப்போது பகிர்பவர்களின் எண்ணிக்கையை மட்டும் 5-லிருந்து 3 ஆகக் குறைத்துப் பாருங்கள். முதல் சுற்றில் 90 பேர், பிறகு 81 பேர், பத்தாவது சுற்றில் வெறும் 35 பேர். நூறு பேரில் இருவர் பகிராமல் போனதால் ஒன்று பெருகுகிறது, மற்றது கரைகிறது.

2014 கோடையில் உலகெங்கும் பரவிய பனிநீர் வாளிச் சவால் இந்தக் கணக்கைத் தனக்குள்ளேயே வைத்திருந்தது. பனிக்கட்டி மிதக்கும் வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டவர் அதை வீடியோவாகப் போட வேண்டும். போடும்போதே வேறு சிலரை, பெரும்பாலும் மூவரை, பெயர் சொல்லி அழைக்க வேண்டும். அழைக்கப்பட்டவர் 24 மணி நேரத்துக்குள் தண்ணீர் ஊற்றிக்கொள்ளவோ நன்கொடை கொடுக்கவோ வேண்டும். மூவரில் ஒருவர் இணங்கினாலே சங்கிலி அறாது. ஒருவருக்கு மேல் இணங்கினால் பெருகும். ஏஎல்எஸ் என்னும் நரம்புநோய்க்காகப் பாடுபடும் அமெரிக்கச் சங்கம் அந்தச் சில வாரங்களில் 11.5 கோடி டாலர் திரட்டியது. அப்பணத்தில் ஒரு பகுதி உதவிய ஆய்வில் அந்நோயோடு தொடர்புடைய என்இகே1 என்ற மரபணு 2016-இல் அடையாளம் காணப்பட்டது. விளம்பர முகமை எதுவும் திட்டமிட்டு இதைச் செய்யவில்லை.

ஆயினும் ‘வைரல்’ என்ற சொல் நம்மை ஓரளவு ஏமாற்றுகிறது. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுநோய் போலத் தொற்றித்தான் எல்லாம் பரவுகிறது என்ற எண்ணத்தை அச்சொல் உண்டாக்குகிறது. டங்கன் வாட்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ட்விட்டரில் ஏறத்தாழ நூறு கோடிப் பரவல்களை ஆராய்ந்தபோது, மிகப் பெரும்பாலானவை தொடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டதையும், பெரிதாகப் பரவியவற்றிலும் பெரும்பாலும் ஏராளமான பின்தொடர்வோரைக் கொண்ட ஏதோ ஒரு கணக்கு கைகொடுத்திருப்பதையும் கண்டார்கள். பனிநீர் வாளிச் சவாலிலும் திரை நட்சத்திரங்களும் தொழிலதிபர்களும் கலந்துகொண்ட பிறகு அலை பெருகியது. ஆகவே, பழைய வாயிற்காவலர் இறங்கிய இடத்தில் மக்கள் அனைவரும் சமமாக ஏறி உட்கார்ந்துவிட்டார்கள் என்று கருதுவது தவறு.

எதை மக்கள் பகிர்கிறார்கள் என்பதற்கும் ஆய்வு உண்டு. ஜோனா பெர்கர், கேத்தரின் மில்க்மன் ஆகிய இருவரும் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் ஏறத்தாழ 7,000 கட்டுரைகளை எடுத்து, வாசகர்கள் அதிகம் மின்னஞ்சல் செய்தவை எவை என்று பார்த்தார்கள். 2012-இல் வெளியான அவர்கள் முடிவின்படி, வியப்பு, கோபம், பதற்றம் ஆகியவற்றை எழுப்பிய கட்டுரைகள் அதிகம் பகிரப்பட்டன. துயரத்தை எழுப்பியவை குறைவாகவே பகிரப்பட்டன. உடலைக் கிளர்ச்சியுறச் செய்யும் உணர்வு கையையும் செயல்பட வைக்கிறது, துயரமோ மனிதரை ஒடுங்கச் செய்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். பிறர் கோபத்தைத் தூண்டிப் பிழைக்க முடியும் என்ற பாடத்தையும் இந்த முடிவிலிருந்து பலர் எடுத்துக்கொண்டார்கள் என்பதை வருத்தத்தோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது.

இதில் மூன்றாவதாக ஒருவர் சேர்கிறார்: அல்காரிதம். ஒருவருடைய திரையில் அடுத்து என்ன தோன்ற வேண்டும் என்பதை, அவரும் அவரைப் போன்றவர்களும் முன்பு எதைப் பார்த்தார்கள், எதற்கு லைக் போட்டார்கள், எதைப் பகிர்ந்தார்கள் என்ற தடயங்களைக் கொண்டு நிரல் முடிவுசெய்கிறது. எனவே பகிர்வு என்பது நண்பர்களுக்கு ஒன்றைக் காட்டுவது மட்டுமன்று. முன்பின் அறியாதவர்களுக்கும் அதைக் காட்டலாம் என்று நிரலுக்குப் போடும் வாக்கும்கூட. அந்த வாக்குக்கு என்ன எடை என்பதைத் தளத்தை நடத்தும் நிறுவனம் தான் விரும்பும்போது மாற்றிக்கொள்கிறது. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், செய்தி நிறுவனங்களின் பதிவுகளைக் குறைத்து, நண்பர்களும் குடும்பத்தினரும் கருத்திட்டுப் பேசிக்கொள்ளும் பதிவுகளை முன்னிறுத்தப்போவதாக அறிவித்தது. அந்த ஒரே முடிவால், அத்தளத்தை நம்பி வாசகர் கூட்டத்தைத் திரட்டியிருந்த பல இணைய இதழ்கள் ஆட்டம் கண்டன.

செய்தி அறையில் நேர்ந்தது

2005 ஜூலை 7 அன்று லண்டனில் சுரங்க ரயில்களிலும் ஒரு பேருந்திலும் குண்டுகள் வெடித்தன. சுரங்கத்துக்குள் எந்தச் செய்தியாளரும் இல்லை, இருந்தவர்கள் பயணிகள். ஆறு மணி நேரத்துக்குள் பிபிசிக்குப் பொதுமக்களிடமிருந்து 1,000-க்கும் மேற்பட்ட புகைப்படங்களும் 20 வீடியோக்களும் 4,000 குறுஞ்செய்திகளும் 20,000 மின்னஞ்சல்களும் வந்து குவிந்தன. மறுநாள் மாலைத் தொலைக்காட்சிச் செய்தி பொதுமக்கள் அனுப்பிய வீடியோக்களிலிருந்தே தொடங்கியது. வாசகர் அனுப்புபவற்றைப் பெற்றுச் சரிபார்ப்பதற்கென்றே ஒரு தனிப் பிரிவை பிபிசி அந்த ஆண்டில் அமைத்தது. தென்கொரியாவில் 2000-இலேயே ‘ஒவ்வொரு குடிமகனும் செய்தியாளரே’ என்ற முழக்கத்தோடு ஓமைநியூஸ் இதழ் தொடங்கப்பட்டிருந்தது. ஆனால் பெரிய நிறுவனங்கள் இதைத் தவிர்க்க முடியாது என்று உணர்ந்தது லண்டனுக்குப் பிறகுதான் எனலாம்.

செய்தியாளருக்கு இதனால் வேலை போய்விட்டது என்று சொல்வார் உண்டு. அவருடைய வேலையின் நடுப்புள்ளி இடம் மாறியது என்பதே பொருத்தமானது. சம்பவ இடத்துக்கு முதலில் போய்ச் சேர்வது அவருடைய பெருமையாக இருந்தது. இப்போது அங்கே ஏற்கெனவே நூறு கேமராக்கள் இருக்கின்றன. அந்த நூறில் எது உண்மை, எது வேறு நாளில் வேறு ஊரில் எடுத்தது என்று சொல்வதே இன்று அவரிடம் எதிர்பார்க்கப்படுவது. ஒரு படம் வருகிறது. நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, அது சொல்லப்பட்ட நேரத்தோடு பொருந்துகிறதா? கடைப் பலகையில் உள்ள எழுத்து அந்த ஊர் மொழியா? அன்று அங்கே மழை பெய்ததா, படத்தில் சாலை ஏன் காய்ந்திருக்கிறது? படத்தைத் தேடுபொறியில் ஏற்றித் தேடினால் மூன்றாண்டுக்கு முந்தைய பக்கம் ஒன்றில் அதே படம் வருகிறதா? கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம்மவர்கள் சொல்லிவைத்தது ஒரு தொழில்நுட்பமாகவே வளர்ந்திருக்கிறது.

அதன் வலிமைக்குச் சான்று, 2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரைன் வானில் வீழ்த்தப்பட்ட மலேசிய விமானம் எம்எச்17 குறித்த புலனாய்வு. ஏவுகணை வண்டி ஒன்று சாலைகளில் இழுத்துச் செல்லப்பட்டதை வழியிலிருந்த சாதாரண மக்கள் எடுத்து இணையத்தில் போட்டிருந்த படங்களையும் வீடியோக்களையும், பெல்லிங்கேட் என்ற குழுவினர் சாலைத் திருப்பங்களோடும் கட்டடங்களோடும் ஒப்பிட்டு வண்டியின் பாதையைக் கட்டியெழுப்பினார்கள். அந்த ஏவுகணை வண்டி ரஷ்யப் படையின் 53-ஆவது விமான எதிர்ப்புப் படைப்பிரிவுக்கு உரியது என்று பன்னாட்டுப் புலனாய்வுக் குழு 2018-இல் அறிவித்தது.

இன்னொரு மாற்றம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அச்சு இதழ் ஒரு கட்டாக வந்தது: முதல் பக்கத்துக்கு ஈர்க்கப்பட்டு வாங்கியவர் உள்ளே வானிலையையும் கடிதத்தையும் திருத்தக் குறிப்பையும் பார்த்தார். பகிர்வு அந்தக் கட்டைப் பிரித்துவிட்டது. இன்று ஒவ்வொரு கட்டுரையும் தன் அண்டை அயலை விட்டுத் தனியாகப் பயணம் செய்கிறது; பல நேரங்களில் தலைப்பும் படமும் மட்டுமே போய்ச் சேர்கின்றன. தலைப்புகள் வாசகரைச் சீண்டும் தொனிக்கு மாறியதன் காரணங்களில் இது ஒன்று. தவறான செய்தி ஓடிய தடத்தில் அதன் திருத்தம் ஓடுவதில்லை என்பதற்கும் இதுவே காரணம். திருத்தத்தைப் பகிர யாருக்கும் கை துறுதுறுப்பதில்லை.

பேச்சு எழுத்தானபோது

சந்தைப்படுத்தலின் பழைய பாடம் ஒன்று உண்டு. எலியாஸ் செயின்ட் எல்மோ லூயிஸ் என்ற அமெரிக்க விளம்பரக்காரர் பெயரோடு 1898 முதல் இணைத்துப் பேசப்படும் அந்தப் பாடம், வாடிக்கையாளரின் கவனத்தைப் பிடி, ஆர்வத்தை ஊட்டு, ஆசையை எழுப்பு, வாங்கச் செய் என்று படிப்படியாகப் போகிறது. எல்லாப் படியிலும் பேசுபவர் விற்பவரே. ஆனால் மனிதர்கள் அப்படி முடிவெடுப்பதில்லை என்பது வெகுகாலத்துக்கு முன்பே தெரியவந்துவிட்டது. 1940-இல் அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஒஹையோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய சகாக்களும் வாக்காளர்களை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் சந்தித்தார்கள். வானொலியும் நாளிதழும் நேரடியாக மனத்தை மாற்றும் என்று எதிர்பார்த்தவர்கள், தெரிந்த மனிதர்கள் சொன்ன சொல்லே அதிகம் எடுபட்டதைக் கண்டார்கள். பின்னர் லாசர்ஸ்ஃபெல்டும் எலியூ காட்ஸும் 1955-இல் இதை விரிவாக்கி, ஊடகத்தின் கருத்து முதலில் செல்வாக்குள்ள சிலரை அடைந்து, அவர்கள் வழியே மற்றவர்களுக்குப் போகிறது என்று விளக்கினார்கள். நுகர்பொருள்களுக்கும் இது பொருந்தியது.

அப்படியானால் இணையம் புதிதாகச் செய்தது என்ன? மனிதர்கள் ஒருவரிடம் ஒருவர் பொருள்களைப் பற்றிப் பேசிக்கொண்டது காற்றோடு போனது. இணையத்தில் அந்தப் பேச்சு எழுத்தாகித் தங்கிவிட்டது. தங்கியதால் தேட முடிகிறது, எண்ண முடிகிறது, அறியாதவரும் படிக்க முடிகிறது.

ஒரு சுடுநீர் ஃபிளாஸ்க் வாங்க நினைப்பவரின் அருகில் உட்கார்ந்து அவர் செய்வதைக் கவனியுங்கள். நிறுவனம் தந்திருக்கும் பளபளப்பான படத்தை அரை விநாடி பார்க்கிறார். விவரக் குறிப்பைக் கடந்து கீழே போகிறார். ஐந்து நட்சத்திர ரிவ்யூக்களைப் பாதிதான் நம்புகிறார். ஒரு நட்சத்திரக்காரரின் கோபத்தையும் பாதிதான் நம்புகிறார். மூன்று நட்சத்திரத்தில் ஒன்றைத் திறக்கிறார்: ‘இரண்டு மாதமாகப் பயன்படுத்துகிறேன். சூடு நன்றாக நிற்கிறது. மூடியின் ரப்பர் வளையம் தளர்ந்துவிட்டது. பையில் சாய்த்து வைத்தால் கசிகிறது.’ கூடவே, வளையத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி எடுத்த, ஒளி குறைந்த ஒரு படம். அவர் முடிவு அங்கேதான் உருவாகிறது. ஃபிளாஸ்க்கைப் பையில் வைத்துச் செல்பவராக இருந்தால் வேறொன்றைத் தேடுவார். மேசையில் வைப்பவராக இருந்தால் அதையே வாங்குவார். எழுதியவர் யாரென்று அவருக்குத் தெரியாது. எனினும் விற்பவர் சொல்லத் தயங்கும் ஒன்றைச் சொன்னதால் அந்த அந்நியரை நம்புகிறார்.

அமேசான் 1995-லேயே வாடிக்கையாளர் ரிவ்யூக்களை அனுமதித்தபோது, தன் பொருளைப் பற்றிய குறையைத் தன் இடத்திலேயே எழுதவிடும் வணிகம் உருப்படுமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். நீல்சன் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2012-இல் வெளியிட்ட உலகளாவிய ஆய்வில், தெரிந்தவர்களின் பரிந்துரையை நம்புவதாக 92 விழுக்காட்டினரும், இணையத்தில் காணும் நுகர்வோர் கருத்துகளை நம்புவதாக 70 விழுக்காட்டினரும் சொன்னார்கள். ஹார்வர்டு ஆய்வாளர் மைக்கேல் லூகா, சியாட்டில் நகர உணவகங்களின் வருவாயை யெல்ப் தளத்தின் மதிப்பீடுகளோடு ஒப்பிட்டு, ஒரு நட்சத்திரம் கூடினால் வருவாய் 5 முதல் 9 விழுக்காடு வரை கூடுகிறது என்று கணக்கிட்டார். அதைவிட முக்கியமான செய்தி அந்த ஆய்வின் இன்னொரு வரியில் இருக்கிறது: அந்த உயர்வு தனித்து நடத்தப்படும் உணவகங்களுக்குத்தான், பெரிய சங்கிலி நிறுவனங்களின் கிளைகளுக்கு அப்படி எதுவும் நேரவில்லை. பிராண்டு என்பது அறியாத இடத்தில் நம்பிக்கை தரும் அடையாளம். அந்த அடையாளத்தை உண்டாக்க முன்பு ஆண்டுக்கணக்கான விளம்பரச் செலவு தேவைப்பட்டது. விளம்பரத்துக்குப் பணமில்லாத சிறியவருக்கு இப்போது வாடிக்கையாளர்களின் எழுத்து அந்த வேலையைச் செய்துகொடுக்கிறது.

மறுபக்கமும் உண்டு. கனடாவைச் சேர்ந்த இசைக்கலைஞர் ஒருவரின் கிட்டார் 2008-இல் ஒரு விமானப் பயணத்தில் உடைந்தது. ஏறத்தாழ ஒன்பது மாதம் விமான நிறுவனத்தோடு மன்றாடியும் இழப்பீடு கிடைக்காததால், நடந்ததைப் பாட்டாக்கி 2009 ஜூலையில் யூடியூபில் போட்டார். சில நாள்களில் 5 லட்சம் பேர், ஆகஸ்ட் நடுவில் 50 லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். பிறகு நிறுவனம் இறங்கி வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள்; முன்பு அந்த ஊருக்கு ஓர் எல்லை இருந்தது.

சந்தைப்படுத்துவோர் இதற்கேற்பத் தம் கணக்கேட்டை மூன்று பத்தியாகப் பிரித்துக்கொண்டார்கள். விலை கொடுத்து வாங்கும் விளம்பர இடம் கட்டண ஊடகம். நிறுவனத்தின் சொந்த இணையதளமும் கணக்குகளும் சொந்த ஊடகம். மக்கள் தாமாகப் பேசுவதும் பகிர்வதும் ஈட்டிய ஊடகம். மூன்றாவதை வாங்க முடியாது, பொருளாலும் நடத்தையாலும் ஈட்டத்தான் வேண்டும் என்பதால் அப்பெயர். இதை மிக ஆழமாக எடுத்துக்கொண்டதில் லெகோ நிறுவனத்தைச் சொல்வேன். ரசிகர் ஒருவர் தம் சொந்த வடிவமைப்பை அதன் தளத்தில் வைக்கலாம்; 10,000 பேர் ஆதரித்தால் நிறுவனம் அதைப் பரிசீலிக்கும்; பொருளாகச் சந்தைக்கு வந்தால் நிகர விற்பனையில் 1 விழுக்காடு வடிவமைத்தவருக்குச் சேரும். பத்தாயிரம் பேரைத் திரட்ட அந்த ரசிகர் தாமே எல்லா இடத்திலும் பகிர்ந்து பிரசாரம் செய்வார். ஆகவே பொருள் தயாராகும் முன்பே வாங்குபவர்களும் தயாராகிவிடுகிறார்கள்.

ஈட்ட வேண்டியதை வாங்கப் பார்ப்பவர்கள் எப்போதும் உண்டு. பின்தொடர்வோர் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்ட இன்ஃப்ளூயன்சர்களுக்குப் பணம் கொடுத்துப் பேச வைப்பது அதில் ஒன்று. அதில் தவறில்லை, பணம் வாங்கியதை வெளிப்படையாகச் சொல்லும்வரை. சொல்லாமல் விட்டால், காட்ஸும் லாசர்ஸ்ஃபெல்டும் விவரித்த அந்த ‘தெரிந்த மனிதர்’ என்ற நம்பிக்கையே விற்பனைக்கு வந்துவிடுகிறது. அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 2009-இல் தன் வழிகாட்டுதல்களைத் திருத்தி, இணையத்தில் எழுதுவோரும் இத்தகைய தொடர்பை வெளிப்படுத்த வேண்டும் என்றது. போலி ரிவ்யூக்களை எழுதுவதையும் வாங்குவதையும் விற்பதையும் தடைசெய்யும் அதன் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. மூன்று நட்சத்திர ரிவ்யூவை மக்கள் தேடிப் படிப்பது, இந்தப் போலிகளுக்கு எதிராக அவர்கள் தாமாகக் கண்டுபிடித்துக்கொண்ட தற்காப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது.

உரிமை பற்றியும் ஒரு சொல். பொதுவெளியில் பகிரப்பட்ட படம் பொதுச்சொத்து என்று நிறுவனங்களும் தனிமனிதர்களும் நினைத்துக்கொள்கிறார்கள். 2010-இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது டேனியல் மொரெல் என்ற புகைப்படக்காரர் ட்விட்டர் வழியே பகிர்ந்த படங்களை ஏஎஃப்பி என்ற செய்தி முகமையும் கெட்டி என்ற பட நிறுவனமும் அவர் அனுமதியின்றி விநியோகித்தன. 2013-இல் நியூயார்க் நடுவர் குழு அவருக்கு 12 லட்சம் டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது. காட்டுவது வேறு, கொடுத்துவிடுவது வேறு.

கதவின் கீல்

பொய்யும் இதே வழியில்தான் போகிறது, அதுவும் வேகமாக. எம்ஐடி ஆய்வாளர்கள் மூவர், 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் பகிர்ந்த, உண்மையா பொய்யா என்று சரிபார்க்கப்பட்ட சுமார் 1,26,000 செய்திப் பரவல்களை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். பொய்ச் செய்தி மறுபடி பகிரப்படும் வாய்ப்பு 70 விழுக்காடு அதிகமாக இருந்தது. 1,500 பேரை எட்டுவதற்கு உண்மைக்குப் பொய்யைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு நேரம் ஆனது. இதைத் தானியங்கிக் கணக்குகளின் சதி என்று ஒதுக்கிவிடவும் முடியவில்லை. அவற்றைக் கழித்த பிறகும் வேறுபாடு அப்படியே இருந்தது. பரப்பியவர்கள் மனிதர்கள். பொய் புதுமையாக இருப்பதால் அதைச் சொல்லும் ஆவல் எழுகிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து.

இதற்கு மக்களின் அறியாமையைக் குறைசொல்வது எளிது. நான் பொத்தானின் வடிவத்தையும் பார்க்கச் சொல்வேன். 2009-இல் நாலைந்து படிகளை ஒரே தொடுதலாக்கியபோது, ‘இதைப் பகிரலாமா’ என்று யோசிக்கக் கிடைத்த இடைவெளியும் சேர்ந்தே மறைந்தது. அந்த இடைவெளியைத் திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைத் தளங்களே பின்னர் சோதித்துப் பார்த்தன. ஒரு கட்டுரையைத் திறக்காமலே பகிரப் போனவர்களிடம் ‘முதலில் படிக்க விரும்புகிறீர்களா’ என்று ட்விட்டர் 2020-இல் கேட்டது. அந்தக் கேள்வியைக் கண்டவர்கள் கட்டுரையைத் திறப்பது 40 விழுக்காடு கூடியதாக அது தெரிவித்தது.

வாட்ஸ்அப் போன்ற இடங்களில் இன்னொரு சிக்கல். அங்கே செய்திகள் மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதால் உள்ளே என்ன போகிறது என்று நடத்துபவருக்கே தெரியாது. நண்பர் குழுவுக்குள் ஒரு பொருளைப் பற்றியோ ஒரு செய்தியைப் பற்றியோ நடக்கும் பேச்சு செய்தி ஆசிரியர், விளம்பரதாரர் ஆகிய எவர் கணக்கிலும் வராது. உண்மையான பகிர்வில் பெரும் பங்கு இந்தக் கண்ணுக்குத் தெரியாத பகுதியில் நடக்கிறது என்று இதழாளர் அலெக்சிஸ் மாட்ரிகல் 2012-லேயே எடுத்துக்காட்டி, அதற்கு ‘இருண்ட சமூகப் பகிர்வு’ என்று பொருள்படும் ஒரு பெயரையும் வைத்தார். செய்தியைப் படிக்க முடியாத வாட்ஸ்அப், அது எத்தனை முறை கைமாறியது என்பதை மட்டும் எண்ணியது. ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதென்ற வரம்பை 2018-இல் இந்தியாவிலும் 2019-இல் உலகம் முழுவதும் கொண்டுவந்தது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே ஐந்து கையோ அதற்கு மேலோ மாறி வந்த செய்தியை ஒரு முறைக்கு ஒரே உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்று அந்த வரம்பை இறுக்கியது. எதையும் அது நீக்கவில்லை, யாரையும் தடுக்கவில்லை. பத்துப் பேருக்கு அனுப்ப விரும்பியவர் பத்து முறை அனுப்பிக்கொள்ளலாம். அந்த மாத முடிவுக்குள் அத்தகைய செய்திகள் 70 விழுக்காடு குறைந்துவிட்டதாக நிறுவனம் அறிவித்தது. ஒவ்வொரு முறையும் விரலை மறுபடி எடுத்து வைக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.